மடங்கிய விரல் நிமிர மறுத்தால்

கேள்வி: எனக்கு வயது 53. தையல் வேலை செய்கிறேன். பல ஆண்டுகளாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். நான்கு மாதங்களாகக் காலையில் எழும்போது வலது கை மோதிர விரல் மடங்கியபடியே நின்றுவிடுகிறது. இடது கையால் பிடித்து இழுத்தால் 'டக்'கென்று நிமிர்கிறது. ஒரு மருத்துவர் ஊசி போதும் என்கிறார். இன்னொருவர் அறுவை சிகிச்சையே நல்லது என்கிறார். எண்ணெய் தேய்த்து நீவிவிட்டால் சரியாகாதா?
— ஒரு வாசகி, ஈரோடு

பதில்: நீங்கள் சொல்லும் அறிகுறிகள் 'டிரிகர் ஃபிங்கர்' என்ற கோளாறுக்கு உரியவை. சொடுக்குவது விரலின் நடு மூட்டில் என்று தோன்றினாலும், சிக்கல் இருப்பது உள்ளங்கையில், விரல் தொடங்கும் இடத்தில். விரலை மடக்கும் தசைநாண் அங்கே ஒரு சிறு வளையத்துக்குள் புகுந்து செல்கிறது. வளையம் தடித்து நாணும் புடைத்துவிட்டால், முடிச்சு விழுந்த நூல் ஊசிக் காதில் சிக்குவதைப் போல அது சிக்கிக்கொள்கிறது. ஆகவே மூட்டை நீவுவதால் பயனில்லை. வலுக்கட்டாயமாகச் சொடுக்கெடுத்தால் வீக்கம் கூடவே செய்யும்.

தொடக்க நிலையில் கத்தரிக்கோல் பிடிக்கும் வேலையைக் குறைத்து, விரலை நீட்டியபடி வைக்கும் பட்டியைச் சில வாரங்கள் இரவில் அணிந்தாலே பலருக்குக் குறைந்துவிடும். நான்கு மாதமாகச் சிக்கும் விரலுக்கு அது மட்டும் போதுமா என்பது ஐயமே. அடுத்த படி, அந்த வளையத்தின் அருகே போடும் ஸ்டீராய்டு ஊசி. பெரும்பாலோருக்கு ஒன்றிரண்டு ஊசியிலேயே குணம் தெரியும். ஆனால் சர்க்கரை நோயாளிகளுக்கு இதன் பலன் குறைவு, தொல்லை திரும்ப வரும் வாய்ப்பும் அதிகம். தவிர, ஊசி போட்ட சில நாட்களுக்கு இரத்தச் சர்க்கரை ஏறும். உங்கள் மருத்துவர்கள் இருவரும் வேறுபடுவதற்குக் காரணம் இதுவாகவே இருக்கக்கூடும். இருவர் சொல்வதிலும் நியாயம் உண்டு.

சர்க்கரை கட்டுப்பாட்டில் இருந்தால் ஒருமுறை ஊசி போட்டுப் பார்க்கலாம் என்பதே என் கருத்து. அந்த வாரம் வீட்டிலேயே குளுக்கோமீட்டரில் அடிக்கடி சோதித்துக்கொள்ளுங்கள். பலனில்லாவிட்டாலோ சில மாதங்களில் தொல்லை திரும்பி வந்தாலோ, ஊசிமேல் ஊசியாகப் போட்டுக்கொண்டிருக்க வேண்டாம், தசைநாண் வலுவிழக்கக்கூடும்.

அறுவை சிகிச்சை என்றதும் அஞ்ச வேண்டியதில்லை. உள்ளங்கையை மட்டும் மரத்துப்போகச் செய்து, ஏறத்தாழ 1 செ.மீ. கீறல் வழியே தடித்த வளையத்தைப் பிளந்துவிடுவார்கள். பெரும்பாலும் அன்றே வீடு திரும்பலாம். கீறலின்றி ஊசி முனையால் பிளக்கும் முறையும் உண்டு. கட்டைவிரலில் நரம்பு மிக அருகில் ஓடுவதால் அங்கு அதைச் செய்யப் பலர் தயங்குவர். அறுவைக்குப் பின் அன்றிலிருந்தே விரலை மெல்ல மடக்கி நீட்ட வேண்டும், இல்லையேல் விறைத்துவிடும். தையல் 10 முதல் 14 நாளில் பிரிக்கப்படும். சர்க்கரை மிகுந்திருந்தால் புண் ஆறத் தாமதமாகும் என்பதால் அதை முன்பே கட்டுக்குள் கொண்டுவருவது அவசியம்.

இரவில் கட்டைவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல் மரத்துப்போகிறதா என்று கவனியுங்கள். மணிக்கட்டில் நரம்பு அழுந்தும் கோளாறும் உங்களைப் போன்றோருக்குச் சேர்ந்தே வருவதுண்டு, இருந்தால் இரண்டையும் ஒரே நேரத்தில் கவனிக்கலாம்.