பொட்டலத்தில் ஒரு பெயர், கையேட்டில் வேறு பெயர்: எதை நம்புவது?

கேள்வி: தக்காளி நாற்று விட்டிருக்கிறேன். விதைப் பாக்கெட்டில் 'சொலானம் லைகோபெர்சிகம்' என்று அச்சிட்டிருக்கிறார்கள். என்னிடமுள்ள பழைய கையேட்டில் தக்காளிக்கு 'லைகோபெர்சிகான் எஸ்குலென்டம்' என்று இருக்கிறது. காய்ப்புழுவுக்கு வாங்கிய இனக்கவர்ச்சிப் பொறியில் 'ஹெலிகோவெர்பா ஆர்மிஜெரா', கையேட்டில் 'ஹீலியோதிஸ் ஆர்மிஜெரா'. நோயை அடக்க மண்ணில் இடும் நல்ல பூஞ்சையான டிரைக்கோடெர்மாவிலும் விரிடி, அஸ்பெரெல்லம் என இரண்டு கிடைக்கின்றன. பொருளை மாற்றிக் கொடுத்துவிட்டார்களா? வாயில் நுழையாத இந்தப் பெயர்களால் விவசாயிக்கு என்ன பயன்? இன்னொன்று, நாற்று கழுத்தழுகிச் சாய்கிறது. கார்பென்டசிம் பூஞ்சைக்கொல்லியைக் கரைத்து இரண்டு முறை ஊற்றியும் நிற்கவில்லை.

பதில்: பயப்பட வேண்டாம், யாரும் மாற்றிக் கொடுக்கவில்லை. தக்காளியும் காய்ப்புழுவும் பெயர் மாறிய கதை. டிரைக்கோடெர்மா ஆள் மாறாட்டக் கதை. உங்கள் நாற்றழுகலும் இந்தப் பெயர் விவகாரத்தோடு சேர்ந்ததுதான், அதற்குக் கடைசியில் வருகிறேன்.

அறிவியல் பெயரில் இரண்டு சொற்கள் இருக்கும். முதல் சொல் பேரினம், அது பங்காளிகள் யார் என்று காட்டும். இரண்டாவது சொல்லும் சேர்ந்தால்தான் ஆள் யாரென்று தெரியும். ஸ்வீடன் நாட்டு கார்ல் லின்னேயஸ் 1753-இல் செடிகளுக்கும் 1758-இல் விலங்குகளுக்கும் இந்த முறையைச் சீராகக் கையாண்டார். பெயர்களில் எது மூத்தது என்ற வழக்கு வந்தால், இன்றும் அந்த ஆண்டுகளிலிருந்துதான் கணக்கு.

ஊர்ப்பெயர் போதாதா என்று கேட்கலாம். எனக்கு நேர்ந்ததையே சொல்கிறேன். ஒருமுறை ஒருவர் தொலைபேசியில் "படைப்புழு" என்றார். நான் புகையிலை வெட்டுப்புழு என்று எடுத்துக்கொண்டு, ஸ்போடாப்டெரா லிட்டூராவுக்கான பொறி வைக்கச் சொன்னேன். ஒரு வாரம் பொறி காலியாகக் கிடந்தது. அப்புறம் படம் அனுப்பினார். தலையில் தலைகீழ் 'ஒய்' குறி, வால் பக்கம் சதுரமாக நான்கு புள்ளிகள். அது மக்காச்சோளப் படைப்புழு, ஸ்போடாப்டெரா ஃப்ருஜிபெர்டா. இரண்டும் பங்காளிகள்தான், ஆனால் ஒன்றின் பெண் அந்துப்பூச்சி விடும் வாசனைக்கு மற்றதன் ஆண் வராது. புழுவுக்கு நோய் உண்டாக்கிக் கொல்லும் என்.பி.வி. என்ற வைரஸ் கரைசலும் அப்படித்தான். ஹெலிகோவெர்பாவுக்குத் தயாரித்த என்.பி.வி.யை ஸ்போடாப்டெரா மேல் தெளித்தால் தண்ணீர் தெளித்த மாதிரிதான். "புழு மருந்து கொடுங்கள்" என்று கேட்டு வாங்குவதில் உள்ள வில்லங்கம் இது.

சரி, பெயர் ஏன் மாறுகிறது? உறவுமுறை பிடிபடப் பிடிபட மாற்ற வேண்டியிருக்கிறது. லின்னேயஸ் 1753-இல் தக்காளியை உருளையும் கத்தரியும் இருக்கும் சொலானம் பேரினத்தில்தான் வைத்தார். அடுத்த ஆண்டே பிலிப் மில்லர் என்ற தோட்டக்கலை அறிஞர் அதைத் தனிக்குடித்தனம் வைத்து லைகோபெர்சிகான் ஆக்கினார். நீண்ட காலம் அந்தப் பெயர்தான் புழக்கத்தில் இருந்தது. பிறகு டி.என்.ஏ.வைப் பார்த்தபோது தக்காளிக்கு நெருங்கிய உறவு உருளைக்கிழங்கு என்று தெரிந்தது. கத்தரிகூட அதற்கு அவ்வளவு நெருக்கமில்லை. உருளையை சொலானத்தில் வைத்துக்கொண்டு தக்காளியை மட்டும் வெளியே நிறுத்த நியாயமில்லை என்பதால் பழைய பெயரே திரும்ப வந்தது. ஆக, உங்கள் விதைப் பாக்கெட்டில் இருப்பது புதுப்பெயர் இல்லை, கையேட்டுப் பெயரைவிட மூத்தது!

காய்ப்புழு விஷயம் இன்னும் எளிது. 1965-இல் ஹார்ட்விக் என்ற பூச்சியியலாளர் ஹீலியோதிஸ் கூட்டத்திலிருந்து சிலவற்றைப் பிரித்து ஹெலிகோவெர்பா என்ற பேரினத்தில் வைத்தார். இரண்டாவது சொல்லான ஆர்மிஜெரா மாறவில்லை, கவனித்தீர்களா? வீடு மாறினாலும் ஆள் அதே ஆள். பூச்சிப் பெயருக்குப் பின்னால் (ஹப்னர்) என்று அடைப்புக்குறிக்குள் ஒரு மனிதர் பெயர் இருந்தால், அவர் முதலில் விவரித்தபோது அது வேறு பேரினத்தில் இருந்தது என்று பொருள். பொறியைத் தாராளமாக வையுங்கள்.

டிரைக்கோடெர்மா வேறு மாதிரி. விரிடி, அஸ்பெரெல்லம் இரண்டும் நிஜமாகவே தனித்தனிச் சிற்றினங்கள். அஸ்பெரெல்லம் என்று ஒன்றை 1999-இல்தான் பிரித்து விவரித்தார்கள். அதுவரை நுண்ணோக்கியில் பார்த்து 'விரிடி' என்று எழுதி வைத்திருந்த பல வளர்ப்புகள், டி.என்.ஏ. சோதனையில் அஸ்பெரெல்லம் என்று தெரிந்தன. அதனால் உங்கள் இரண்டு பொட்டலத்திலும் ஒரே பூஞ்சை இருக்கவும் கூடும். என்னைக் கேட்டால் இந்த இடத்தில் பெயரைப் பார்த்துக் குழம்ப வேண்டாம். காலாவதித் தேதி, ஒரு கிராமில் எத்தனை உயிர் வித்துகள், வெயிலில் போட்டு வைத்திருந்தார்களா என்பதைப் பாருங்கள். இரண்டில் ஒன்று போதும். கார்பென்டசிம் ஊற்றிய கையோடு அதை இட்டுவிடாதீர்கள், டிரைக்கோடெர்மாவையும் அது கொன்றுவிடும்.

பேரினம் ஒன்றென்றால் குணமும் ஒன்று என்று முடிவுகட்டவும் கூடாது. தக்காளியை வாட வைக்கும் பாக்டீரியாவைப் பழைய புத்தகங்கள் சூடோமோனாஸ் சொலனாசியேரம் என்று எழுதும். நாம் விதை நேர்த்திக்கு வாங்கும் நல்ல பாக்டீரியாவோ சூடோமோனாஸ் ஃப்ளூரசன்ஸ். முன்னது இப்போது ரால்ஸ்டோனியா ஆகிவிட்டதால் அந்தக் குழப்பம் தீர்ந்தது. இந்த வாடல் நோய் தக்காளி, கத்தரி, மிளகாய், உருளை என்று ஒரே குடும்பத்தில் புகுந்து விளையாடும் என்பதால், வாடல் கண்ட நிலத்தில் தக்காளிக்குப் பின் கத்தரி வைப்பது பயிர் மாற்றமே ஆகாது. இஞ்சி, வாழை வரைக்கும்கூட அது போகும்.

இப்போது உங்கள் நாற்றுக்கு வருகிறேன். 'நாற்றழுகல்' என்பது ஒரே பெயர், காரணம் பல. பித்தியம் ஒன்று, ரைசோக்டோனியா இன்னொன்று. ரைசோக்டோனியா உண்மையான பூஞ்சை, கார்பென்டசிம் அதை அடக்கும். பித்தியம் பூஞ்சை மாதிரி நூல் நூலாக வளருமே தவிர, வகைப்பாட்டில் பூஞ்சைகளோடு சேராது. ஊமைசீட்டுகள் என்ற வேறு கூட்டம் அது, கடல் பழுப்புப் பாசிகளுக்குத்தான் தூரத்து உறவு. அதன் செல்சுவரில் செல்லுலோஸ் இருக்கும். கார்பென்டசிம் அதை ஒன்றும் செய்யாது, இரண்டு முறை இல்லை, பத்து முறை ஊற்றினாலும் இதே கதைதான்.

சாய்ந்த நாற்றைப் பிடுங்கிப் பாருங்கள். கழுத்து நீர் கோத்து, கொழகொழவென்று, பாத்தியும் சொதசொதவென்று இருந்தால் பெரும்பாலும் பித்தியம்தான். கழுத்தில் செம்பழுப்பாக உள்வாங்கிய காய்ந்த புண் இருந்து, தண்டு கம்பி மாதிரி இளைத்திருந்தால் ரைசோக்டோனியா. முதல் வகை என்றால் தண்ணீரைக் குறையுங்கள், நெருக்கமாக உள்ள இடத்தில் நாற்றைக் கலையுங்கள். மெட்டலாக்சில் கலந்த மருந்தோ காப்பர் ஆக்ஸிகுளோரைடோ லேபிளில் உள்ள அளவில் வேர்ப்பகுதி நனைய ஊற்றலாம். அடுத்த முறை மேட்டுப்பாத்தி போட்டு, விதைக்கும் முன்பே டிரைக்கோடெர்மாவைத் தொழு உரத்தில் கலந்து இடுங்கள். நாற்று சாய ஆரம்பித்த பிறகு இட்டால் அதற்கு வேலை செய்ய நேரமிருக்காது.