ஒரு கட்டுரை, நான்கு பெயர்கள்: என் பங்கு எவ்வளவு என்று எப்படிக் கணக்கிடுவது?

கேள்வி: நான் ஒரு கலை அறிவியல் கல்லூரியில் புள்ளியியல் உதவிப் பேராசிரியர். வேதியியல் துறை ஆய்வு மாணவி ஒருவர் ஆழ்துளைக் கிணற்று நீரில் கன உலோகங்களை அளந்து செய்த ஆய்வுக்குத் தரவுப் பகுப்பாய்வைப் பெரும்பாலும் நான்தான் செய்தேன். கட்டுரையில் மாணவி, அவருடைய நெறியாளர், நான் என மூன்று பேர். அளவிடும் கருவி தன் பொறுப்பில் இருப்பதால் தன் பெயரையும் சேர்க்கச் சொல்கிறார் துறைத்தலைவர். எங்கள் பதவி உயர்வுப் படிவமோ என் பங்கு எத்தனை சதவீதம் என்று கேட்கிறது. பெயர்களை எந்த வரிசையில் போடுவது? சதவீதத்தை எப்படி எழுதுவது?

பதில்: உங்கள் கேள்விக்குள் மூன்று கேள்விகள் இருக்கின்றன: யார் ஆசிரியர் (அதாவது கட்டுரையை எழுதியவர்), யார் பெயர் முன்னால், யாருக்கு எவ்வளவு. முடிவெடுப்பதும் இதே வரிசையில் இருக்க வேண்டும். பல குழுக்கள் கடைசிக் கேள்வியில் தொடங்கிவிடுகின்றன. யார் என்ன வேலை செய்தார் என்பது தாளில் ஏறுவதற்கு முன்பே சதவீதத்தைப் பேசினால், பதவியும் வயதும்தான் சதவீதத்தைத் தீர்மானிக்கும்.

முதலில் துறைத்தலைவர் விஷயம். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதிகளை மற்ற அறிவியல் துறைகளின் இதழ்கள் பலவும் பின்பற்றுகின்றன. அதன்படி ஆசிரியர் ஆவதற்கு நான்கு தகுதிகள் உண்டு. ஆய்வின் திட்டத்திலோ தரவு சேகரிப்பிலோ பகுப்பாய்விலோ விளக்கத்திலோ கணிசமான பங்கு இருக்க வேண்டும். கட்டுரையை எழுதியிருக்க வேண்டும், அல்லது அதன் உள்ளடக்கத்தைத் தொட்டுத் திருத்தியிருக்க வேண்டும். இறுதி வடிவத்துக்கு ஒப்புதல் தந்திருக்க வேண்டும். கட்டுரையின் எந்தப் பகுதியைப் பற்றிக் கேள்வி எழுந்தாலும் அதற்கு விடை காணும் பொறுப்பை ஏற்க வேண்டும். இந்த நான்காவது தகுதி 2013இல் சேர்க்கப்பட்டது. நான்கில் ஒன்று இருந்தால் போதாது, நான்கும் பொருந்த வேண்டும். நிதி பெற்றுத் தந்தது, துறையைப் பொதுவாக மேற்பார்வை பார்த்தது, நிர்வாக உதவி செய்தது ஆகியவை மட்டுமே ஒருவரை ஆசிரியர் ஆக்காது என்றும் அதே விதிகள் தெளிவாகச் சொல்கின்றன. கருவியைப் பயன்படுத்த அனுமதி தந்ததும் இந்த வகைதான். அதற்குரிய இடம் நன்றியுரை. நன்றியுரையில் பெயர் போடுவதற்கும் அவரிடம் எழுத்தில் சம்மதம் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆனால் ஒன்றைச் சரிபாருங்கள். கருவியை அளவுத்திருத்தம் செய்தது யார்? மிகக் குறைந்த செறிவில் ஈயம், காட்மியம் போன்றவற்றை அளக்க எந்த முறை என்று முடிவு செய்தது யார்? துறைத்தலைவரே உட்கார்ந்து அந்த முறையை வகுத்துக் கொடுத்திருந்தால் கதை வேறு. அது ஆய்வு முறையில் பங்களிப்பு. அப்படியானால் வரைவை அவருக்கு அனுப்பித் திருத்தச் சொல்ல வேண்டும். மற்ற மூன்று தகுதிகளையும் நிறைவேற்றும் வாய்ப்பை அவருக்குத் தர வேண்டும். அதைத் தராமல் ஒதுக்குவதும் தவறுதான்.

இதை அவரிடம் எப்படிச் சொல்வது என்பதுதான் உண்மையான சிரமம் என்று புரிகிறது. விதியை மேற்கோள் காட்டி வாதாட வேண்டாம். பல இதழ்கள் இப்போது சமர்ப்பிக்கும்போதே ஒவ்வொருவரின் பங்களிப்பையும் கேட்கின்றன. அந்தப் படிவத்தை எடுத்துப் போய், "சார், உங்கள் பெயருக்கு நேரே என்ன எழுதலாம் என்று நீங்களே சொல்லுங்கள். தரவைப் பற்றிக் கேள்வி வந்தால் பதில் சொல்லும் பொறுப்பிலும் உங்கள் கையெழுத்து வேண்டுமாம்" என்று கேளுங்கள். பேச வேண்டியதைப் படிவமே பேசிவிடும். இதைச் செய்ய வேண்டியவர் நெறியாளர். மாணவியை அனுப்பாதீர்கள், பட்டம் முடிக்க வேண்டியவருக்கு அந்தச் சுமை ஆகாது.

அடுத்தது, யார் என்ன செய்தார் என்ற பட்டியல். இதற்குக் 'கிரெடிட்' என்ற வகைப்பாடு இருக்கிறது. 14 பணிகள்: கருத்துருவாக்கம், ஆய்வு முறை, மென்பொருள், சரிபார்ப்பு, முறையான பகுப்பாய்வு, களப்பணி அல்லது பரிசோதனை, வளங்கள், தரவுப் பராமரிப்பு, முதல் வரைவு, திருத்தி எழுதுதல், காட்சிப்படுத்தல், மேற்பார்வை, திட்ட நிர்வாகம், நிதி பெறுதல். 2022இல் இது அமெரிக்கத் தேசியத் தரநிலையாகவும் ஆனது. ஒவ்வொரு பணியிலும் முதன்மை, சமம், துணை என்று அளவும் குறிக்கலாம். கவனிக்க வேண்டியது ஒன்று: இந்த 14இல் ஏதோ ஒன்றுக்கு நேரே பெயர் வந்துவிட்டால் ஆசிரியர் ஆகிவிட்டார் என்று பொருள் இல்லை. 'வளங்கள்' என்ற பணியைக் காட்டித்தான் கருவி தந்தவரின் பெயர் உள்ளே வருகிறது. கிரெடிட் செய்த வேலையை விவரிக்கும். ஆசிரியர் யார் என்பதை அது தீர்மானிப்பதில்லை.

சதவீதம் வேண்டுமென்றால் ஒரு தாள் போதும். முதலில் வேலைகளுக்கு எடை போடுங்கள். யாருடைய பெயரையும் எழுதுவதற்கு முன் இதைச் செய்வது முக்கியம். பெயர்கள் ஏறிய பிறகு எடை போட்டால் அவரவர் செய்த வேலையே கனமாகத் தெரியும். உங்கள் ஆய்வுக்குத் திட்டம் 25, மாதிரி சேகரிப்பும் பரிசோதனையும் 25, பகுப்பாய்வு 20, முதல் வரைவு 20, திருத்தம் 10 என்று வைத்துக்கொள்வோம். பிறகு மூவரும் தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பார்க்காமல், ஒவ்வொரு வேலையிலும் மூவரின் பங்கையும் எழுதுங்கள். மூன்று தாள்களின் சராசரிதான் விடை.

மூவரின் பங்கையும் எல்லாரும் எழுத வேண்டும் என்பதற்குக் காரணம் இருக்கிறது. தன் பங்கை மட்டும் கேட்டால் ஒவ்வொருவரும் கூடுதலாகச் சொல்வார்கள். கூட்டினால் நூறைத் தாண்டும். மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற உளவியலாளர்கள் 1979இல் தம்பதிகள் உள்ளிட்ட பலரிடம் இதைக் காட்டினார்கள். இதில் பேராசை ஒன்றும் இல்லை. தான் விழித்திருந்து செய்த வேலை தனக்கு நினைவிருக்கும். அடுத்தவர் செய்தது அவ்வளவாக நினைவுக்கு வராது. மூவருக்கும் சேர்த்து எழுதும்போது மற்றவர்கள் செய்ததையும் நினைத்துப் பார்த்தே ஆக வேண்டும்.

சராசரி இப்படி வருகிறது என்று வையுங்கள். மாணவி: திட்டத்தில் 20%, பரிசோதனையில் 90%, பகுப்பாய்வில் 20%, வரைவில் 60%, திருத்தத்தில் 20%. எடையோடு பெருக்கினால் 5 + 22.5 + 4 + 12 + 2 = 45.5. நெறியாளர்: 60, 10, 10, 15, 50 சதவீதங்கள், 15 + 2.5 + 2 + 3 + 5 = 27.5. நீங்கள்: 20, 0, 70, 25, 30; 5 + 0 + 14 + 5 + 3 = 27. மொத்தம் 100.

இந்த எண்களைப் படிக்கும் விதம் இருக்கிறது. மாணவி முதல் ஆசிரியர் என்பதில் சந்தேகமே இல்லை. உங்களுக்கும் நெறியாளருக்கும் உள்ள அரைப் புள்ளி வித்தியாசத்துக்கு அர்த்தமே கிடையாது. ஏதாவது ஒரு வேலையின் எடையைச் சற்று மாற்றினாலே அது தலைகீழாகும். ஐந்து புள்ளிக்குள் வரும் வித்தியாசத்தைச் சமமாகவே கொள்ளுங்கள், வழக்கப்படி வரிசையை முடிவு செய்யுங்கள். பரிசோதனை அறிவியலில் நெறியாளர் கடைசியில் நிற்பதும், பெரும்பாலும் தொடர்பு ஆசிரியராக, அதாவது இதழோடும் வாசகரோடும் கடிதத் தொடர்பு வைப்பவராக, இருப்பதும் வழக்கம். ஆகவே மாணவி, நீங்கள், நெறியாளர் என்பது இயல்பான வரிசை. உங்கள் கணிதத் துறை நண்பர்களின் வழக்கத்தை இங்கே கொண்டுவராதீர்கள். கணிதத்திலும் பொருளியலிலும் அகர வரிசை சாதாரணம். அங்கே முதல் பெயருக்குத் தனி மதிப்பு இல்லை. துகள் இயற்பியலில் இன்னும் ஒரு படி மேலே: ஹிக்ஸ் போசானின் நிறை பற்றி 2015இல் வந்த கட்டுரையில் 5,154 ஆசிரியர்கள். 33 பக்கங்களில் 24 பக்கம் பெயர்களும் நிறுவனங்களும்தான். அங்கே வரிசையை வைத்து எதையும் கணக்கிட முடியாது.

இனி வெளியிலிருந்து உங்கள் கட்டுரையைப் பார்ப்பவர்கள் என்ன கணக்குப் போடுவார்கள் என்று பாருங்கள். உங்கள் தாள் அவர்களிடம் இல்லை. அவர்களிடம் இருப்பது பெயர் வரிசை மட்டும். முழு எண்ணிக்கை முறையில் ஒவ்வொருவருக்கும் ஒரு முழுக் கட்டுரை. சமப் பங்கு முறையில் மூன்று பேருக்கு ஆளுக்கு 33.3%. நில்ஸ் ஹாகன் 2008இல் வலியுறுத்திய இசைத்தொடர் முறையில் 1, 1/2, 1/3 என்ற விகிதம். மூன்று பேருக்கு 54.5, 27.3, 18.2 சதவீதம் வரும். இரண்டாவதாக நிற்கும் உங்களுக்கு 27.3 வருவது தாளில் வந்த 27ஐ ஒட்டியே இருக்கிறது. ஆனால் கடைசியில் நிற்கும் நெறியாளருக்கு 18.2தான், கடைசிப் பெயரின் மதிப்பு இந்தச் சூத்திரத்துக்குத் தெரியாது.

நான்காவது பெயரைச் சேர்த்தால் இந்த முறையில் 48, 24, 16, 12 ஆகும். சேர்ந்தவருக்குப் போகும் 12 சதவீதம் மற்ற மூவரிடமிருந்தும் கழிகிறது. இந்தக் கழிவு நம் ஊர் விதியில் இல்லை என்பதுதான் பெரிய கோளாறு.

2018 ஜூலையில் வந்த யுஜிசி (பல்கலைக்கழக மானியக் குழு) விதிமுறையின் ஆய்வு மதிப்பெண் அட்டவணையைப் பாருங்கள். இரண்டு ஆசிரியர்கள் என்றால் ஆளுக்கு 70%. இரண்டுக்கு மேல் என்றால் முதல் அல்லது முதன்மை அல்லது தொடர்பு ஆசிரியருக்கு 70%, மற்ற ஒவ்வொருவருக்கும் 30%. கட்டுரையின் மொத்த மதிப்பு 20 என்றால், இரண்டு பேர் எழுதியதில் ஆளுக்கு 14. ஒரே கட்டுரைக்கு மொத்தம் 28 மதிப்பெண் வழங்கப்படுகிறது. மூன்றாமவர் சேர்ந்தால் இரண்டாமவர் 14லிருந்து 6க்கு இறங்குகிறார். ஆனால் நான்காமவரோ பத்தாமவரோ சேர்ந்தால் யாருக்கும் ஒரு புள்ளிகூடக் குறைவதில்லை. சேர்ந்தவருக்கு 6 கிடைக்கிறது. துறைத்தலைவரின் பெயரைச் சேர்ப்பதில் 'உங்களுக்கு என்ன நஷ்டம்' என்று யாராவது கேட்டால், இந்த அட்டவணையின்படி அந்தக் கேள்விக்கு விடை இல்லைதான். வேலை செய்யாதவருக்கு மரியாதைக்காகத் தரும் வெகுமதிப் பெயர்கள் பெருகுவதற்கு இந்த விதியே வழிவிட்டிருக்கிறது. நஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது: மாணவியின் வேலையைப் பற்றி நாளை படிக்கப்போகிறவர் பெறும் சித்திரத்தில்.

அட்டவணையில் முதல், முதன்மை, தொடர்பு ஆகிய மூன்று சொற்களுக்கும் நடுவில் சாய்கோடுதான் இருக்கிறது. அது ஒருவரைக் குறிக்கிறதா, மூவருக்கும் தனித்தனியே 70% தருகிறதா என்பதில் குழப்பம் வரும். உங்கள் கல்லூரி அதை எப்படிப் படிக்கிறது, இப்போது எந்த ஆண்டு விதியைப் பின்பற்றுகிறது என்று உள்தர உறுதிப் பிரிவில் எழுத்தில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

படிவத்தில் எழுதும்போது இரண்டு எண்களைக் கலக்காதீர்கள். 30% என்பது விதி உங்களுக்குத் தரும் மதிப்பெண். அதை மதிப்பெண் கட்டத்தில் மட்டும் எழுதுங்கள். உங்கள் பங்கு என்ன என்று கேட்கும் இடத்தில், "தரவுப் பகுப்பாய்வு: முதன்மை, ஆய்வுத் திட்டம்: துணை, வரைவு: புள்ளியியல் பகுதி, மூவரும் ஒப்புக்கொண்ட மதிப்பீடு 27%" என்று எழுதி, மூவர் கையெழுத்திட்ட தாளை இணையுங்கள். நெறியாளரும் அதே கல்லூரியில் பதவி உயர்வுக்கு விண்ணப்பித்தால் இரண்டு படிவங்களும் ஒரே குழுவின் மேசைக்குப் போகலாம். நீங்கள் 50, அவர் 60 என்று எழுதியிருந்தால் இருவருக்குமே சங்கடம்.

ஹெச்-இன்டெக்ஸ் எண்ணையும் படிவம் கேட்கலாம். ஒருவரின் கட்டுரைகளில் பத்து, ஒவ்வொன்றும் குறைந்தது பத்து முறை பிறரால் மேற்கோள் காட்டப்பட்டிருந்தால் அந்த எண் பத்து. ஹோர்ஹே ஹிர்ஷ் 2005இல் கொண்டுவந்த இந்த அளவீடு இணை ஆசிரியர் எண்ணிக்கையைப் பார்ப்பதே இல்லை. ஒப்பிடும்போது சராசரி ஆசிரியர் எண்ணிக்கையைக் கணக்கில் எடுப்பது பயன்படும் என்று அவரே அந்தக் கட்டுரையில் சொல்லியிருக்கிறார். புள்ளியியல் துறையைச் சேர்ந்தவர் என்பதால் பல துறையினரின் கட்டுரைகளில் உங்கள் பெயர் இருக்கும், எண் உயர்ந்து நிற்கும். எக்செலில் ஒவ்வொரு கட்டுரையின் மேற்கோள் எண்ணிக்கையையும் ஆசிரியர் எண்ணிக்கையால் வகுத்து ஒரு நெடுவரிசை சேர்த்துக் கொடுத்தால் நேர்மையான சித்திரம் கிடைக்கும்.

இன்னொரு சின்ன விஷயம், தமிழ்ப் பெயர்களுக்கு மட்டும் பெரிதாகிறது. நாம் தலைப்பெழுத்து வைக்கிறோம். தரவுத்தளங்கள் குடும்பப் பெயர் தேடுகின்றன. ஒரே ஆள் 'எஸ். கார்த்திகா', 'கார்த்திகா எஸ்.', 'கார்த்திகா சுந்தரம்' என்று மூன்று விதமாக எழுதினால் ஸ்கோபஸ் என்ற ஆய்வுக் கட்டுரைத் தரவுத்தளத்தில் மூன்று ஆட்களாகப் பிரியலாம், மேற்கோள்களும் சிதறும். மாணவிக்கு இந்த முதல் கட்டுரையிலேயே ஒரே வடிவத்தை நிலைநிறுத்தி, ஆய்வாளர்களை அடையாளம் காட்டும் 16 இலக்க ஆர்க்கிட் எண்ணையும் வாங்கச் சொல்லுங்கள்; இலவசம்தான். மாணவியே தொடர்பு ஆசிரியர் என்றால் கல்லூரி மின்னஞ்சலோடு சொந்த மின்னஞ்சலையும் இதழின் கணக்கில் சேர்க்கட்டும். பட்டம் முடிந்ததும் கல்லூரி முகவரி முடங்கிப்போனால் தரவு கேட்டு வரும் கடிதங்கள் அவருக்குக் கிடைக்காது.

எல்லாவற்றையும் சமர்ப்பிப்பதற்கு முன் முடித்துவிடுங்கள். பிறகு பெயரைச் சேர்க்கவோ நீக்கவோ வரிசையை மாற்றவோ கேட்டால், காரணத்தையும் எல்லா ஆசிரியர்களின் எழுத்துச் சம்மதத்தையும் இதழ் கேட்கும். நீக்கப்படுபவரின் சம்மதமும் அதில் அடக்கம். அது வரும்வரை கட்டுரை அப்படியே நிற்கும். மதிப்பாய்வாளர்கள் கேட்டுப் புதிய பரிசோதனை செய்ய நேர்ந்து, அதைப் புதியவர் ஒருவர் செய்தால் மட்டும் தாளை மறுபடி திறந்து எடைகளை மாற்றுங்கள்.