கேள்வி – பதில்: சூப்பர்சார்ஜர் படகு எஞ்சினில் கார்புரேட்டர் கலவை

கேள்வி: வி8 படகு எஞ்சின். 6-71 ரூட்ஸ் சூப்பர்சார்ஜர் (எஞ்சினுக்குள் காற்றைத் திணிக்கும் பம்ப்), அதன் மேல் இரண்டு நான்கு-பேரல் ஹோலி கார்புரேட்டர்கள். முழு த்ராட்டிலில் கலவை சரி. முக்கால் த்ராட்டிலில் அரைமணி நேரம் ஓடினால் நாக்கிங் (கலவை தாறுமாறாக வெடிக்கும் தட்டல் சத்தம்) கேட்கிறது. இரண்டு பிளக்குகளின் பீங்கானில் மினுமினுக்கும் புள்ளிகள். மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்து விடும் துளை) பெரிதாக்கினால் போதுமா?

பதில்: அந்தப் புள்ளிகள் பிஸ்டனிலிருந்து பெயர்ந்து வந்த அலுமினியம். காரணம் தெரியும்வரை அந்த வேகத்தில் மீண்டும் ஓட்டாதீர்கள்.

முதலில் பார்க்க வேண்டியது பவர் வால்வு. 6.5 என்று எண் போட்ட வால்வு, த்ராட்டில் தட்டுக்குக் கீழே வேக்குவம் (உறிஞ்சும் அழுத்தம்) 6.5 அங்குலப் பாதரச அளவுக்கு இறங்கும்போதுதான் திறந்து கூடுதல் பெட்ரோல் விடும். சாதாரண எஞ்சினில் இது சரியான கணக்கு. உங்கள் எஞ்சினிலோ கார்புரேட்டருக்கும் மேனிஃபோல்டுக்கும் நடுவில் சூப்பர்சார்ஜர் உட்கார்ந்து காற்றை உறிஞ்சிக்கொண்டிருக்கிறது. முக்கால் த்ராட்டிலில் அதற்கு மேலே 8 அங்குல வேக்குவம் இருக்கும்போதே, கீழே மேனிஃபோல்டில் 3 பி.எஸ்.ஐ. பூஸ்ட் (திணித்த காற்றின் அழுத்தம்) ஏறியிருக்கலாம். சுமை குறைவு என்று எண்ணி வால்வு மூடியே கிடக்கும், பெட்ரோல் குறைந்து கலவை மெலியும். முழு த்ராட்டிலில் மேலே வேக்குவம் விழுந்து வால்வு திறந்துவிடுவதால் அங்கே குறை தெரியாது. கார் இந்த இடைநிலையைச் சில நொடிகளில் கடந்துவிடும். படகில் புரொப்பெல்லரின் சுமை ஒரு கணமும் விடாது. அதே நிலையில் அரைமணி நேரம் நிற்கிறது. பிஸ்டன் உருகுவது பெரும்பாலும் இங்கேதான்.

பவர் வால்வுக்குப் போகும் பழைய வேக்குவம் துளையை அடைத்துவிட்டு, வால்வின் அறையிலிருந்து ஒரு குழாய் எடுத்துச் சூப்பர்சார்ஜருக்குக் கீழே மேனிஃபோல்டில் இணையுங்கள். இந்த ஏற்பாட்டோடே வரும் கார்புரேட்டர்களும் உண்டு. வால்வையே கழற்றி அடைத்து, அதற்கு ஈடாக மெயின் ஜெட்டை இப்போதுள்ளதைவிட 8 எண் வரை பெரிதாக்குபவர்களும் இருக்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. குறைந்த வேகத்தில் கலவை கெட்டியாகி, சிலிண்டர் சுவரில் எண்ணெயைப் பெட்ரோல் கழுவிவிடும். 60 டிகிரி செல்சியஸை ஒட்டியே ஓடும் படகு எஞ்சினில் இது இன்னும் மோசம்.

இது முடிந்த பிறகுதான் ஜெட். ஒரு தடவைக்கு 2 எண், இரண்டு கார்புரேட்டரிலும் ஒரே அளவு. ஒரு பங்கு பெட்ரோலுக்கு எடையில் எத்தனை பங்கு காற்று என்ற கணக்கு, முழு பூஸ்டில் 11.5 முதல் 12 வரை. பூஸ்ட் தலைகாட்டும் எந்த நிலையிலும் 12.5-ஐத் தாண்டக் கூடாது. எத்தனால் கலந்த பெட்ரோல் என்றால் லாம்டா அளவில் (முழுதாக எரியத் தேவையான காற்று 1 என்ற கணக்கு) பாருங்கள்: முழு பூஸ்டில் 0.78 – 0.82. சோதனை முடியும்வரை இக்னிஷன் டைமிங்கை 3, 4 டிகிரி பின்தள்ளி வையுங்கள்.

கேள்வி: நிற்கும்போது 6.5 பி.எஸ்.ஐ. காட்டும் பெட்ரோல் அழுத்தம், முழு வேகத்தில் 4-க்கு விழுகிறது. ஜெட் மாற்றியும் பயனில்லை.

பதில்: கிண்ணத்தில் பெட்ரோல் மட்டம் இறங்கினால் எந்த ஜெட்டும் உதவாது. 600 குதிரைத்திறன் சூப்பர்சார்ஜர் எஞ்சின், குதிரைத்திறனுக்கு மணிக்கு 0.6 பவுண்டு வீதம் 360 பவுண்டு கேட்கும். ஏறத்தாழ 227 லிட்டர். பம்பைக் குறை சொல்லும் முன், தொட்டி வாயில் இருக்கும் ஆன்டி-சைஃபன் வால்வு, தண்ணீர் பிரிக்கும் ஃபில்டர், தொட்டியின் காற்றுத் துளை மூன்றையும் பாருங்கள். ஆன்டி-சைஃபன் வால்வைக் கழற்றி எறியாதீர்கள். குழாய் அறுந்தால் தொட்டிப் பெட்ரோல் படகுக்குள் வடியாமல் காப்பது அதுதான். பெரிய அளவில் ஒன்று வாங்கிப் பொருத்துங்கள்.

கேள்வி: எக்ஸாஸ்டில் வைத்த ஆக்சிஜன் சென்சார் அடிக்கடி செத்துப்போகிறது.

பதில்: தண்ணீர். அகலமான கேம் (வால்வுகளை நீண்ட நேரம் திறந்து வைப்பது) போட்ட எஞ்சின் ஐட்லிங்கில் எக்ஸாஸ்டை உள்ளே இழுக்கும். குளிர்விக்கும் தண்ணீரும் துளித்துளியாகக் கூடவே வரும். தண்ணீர் சேரும் இடத்துக்கு நன்றாக முன்னால், மேல்பக்கம் பார்த்துப் பொருத்துங்கள். ட்யூனிங் முடிந்ததும் கழற்றிவிட்டு அடைப்பான் போடுங்கள்.

சென்சார் எஞ்சினின் ஒரு பக்கத்து நான்கு சிலிண்டர்களின் சராசரியைத்தான் சொல்லும். எந்தச் சிலிண்டர் மெலிந்திருக்கிறது என்பதற்குப் பிளக்தான் சாட்சி. புதுப் பிளக்குகளோடு ஒரு நிமிடம் முழுச் சுமையில் ஓட்டி இக்னிஷனை அணைத்து, எட்டையும் கழற்றி, பீங்கானின் அடியில் உள்ள கரி வளையத்தை ஒப்பிடுங்கள். வளையம் இல்லாத சிலிண்டருக்கு மேலே இருக்கும் ஜெட்டை மட்டும் ஏற்றலாம். ஒரு எச்சரிக்கை: சட்டென்று நிற்கும் படகை அதன் பின்னால் எழுந்த அலை துரத்தி வந்து எக்ஸாஸ்டுக்குள் தண்ணீரைத் தள்ளக்கூடும். வாயில் மூடி இல்லாத எக்ஸாஸ்ட் என்றால் இந்தச் சோதனையே வேண்டாம்.

கேள்வி: கியர் போட்டதும் எஞ்சின் அணைகிறது.

பதில்: நியூட்ரலில் ட்யூன் செய்திருப்பீர்கள். படகை இறுகக் கட்டி, கியர் போட்டு, வேக்குவம் அதிகபட்சமாக நிற்கும்படி எட்டு ஐடில் திருகுகளையும் சமமாகத் திருப்புங்கள். தொடக்கம்: மெல்ல மூடி, ஒன்றரைச் சுற்று வெளியே. திருகியும் மாற்றம் தெரியாவிட்டால் த்ராட்டில் தட்டு அளவுக்கு மேல் திறந்திருக்கிறது.

கேள்வி: கார் கார்புரேட்டரையே பொருத்தலாமா?

பதில்: கூடவே கூடாது. நிரம்பி வழியும் பெட்ரோலைப் படகு கார்புரேட்டர் தன் தொண்டைக்குள்ளேயே திருப்பிவிடும். கார் கார்புரேட்டர் வெளியே சிந்தும். பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது, படகின் அடித்தளத்தில் போய்த் தேங்கும். சூப்பர்சார்ஜர் எஞ்சின் மெலிந்த கலவையில் பின்வெடிப்பு விடக்கூடியது. எனவே கார்புரேட்டரின் மேல் ஃப்ளேம் அரெஸ்டர் (தீ வெளியே வராமல் தடுக்கும் மூடி) இல்லாமல் ஸ்டார்ட் செய்யவே வேண்டாம். ட்யூனிங் நாளில், ஒவ்வொரு ஸ்டார்ட்டுக்கும் முன் எஞ்சின் அறையின் வெளியேற்று விசிறியை 4 நிமிடம் ஓடவிட்டு, மூடியைத் திறந்து மோந்து பாருங்கள்.