15 வருடம் தாண்டிய குடும்பக் காரில் என்னென்ன பழுதுகள் வரும்? செலவு செய்து வைத்துக்கொள்ளலாமா, தள்ளிவிடலாமா?

எங்கள் வீட்டில் ஓடுவது 2007 மாடல் பெட்ரோல் செடான். 1.3 லிட்டர், நாலு சிலிண்டர். அப்பா ஷோரூமில் எடுத்தது, இப்போது என் கையில். மீட்டர் 1,60,000 கிலோமீட்டரைத் தாண்டிவிட்டது. கம்பெனி பெயர் வேண்டாம். நான் சொல்லப்போகிற தொல்லைகள் அந்த வயதில் எந்தக் காருக்கும் வரும்.

இந்த வயதில் முதலில் போவது ரப்பரும் பிளாஸ்டிக்கும்தான். ஹோஸ், புஷ், இன்ஜின் மவுண்டிங், பெல்ட், ஆக்சில் பூட் (ஆக்சில் ஜாயின்ட்டை மூடியிருக்கும் உறை), டயர் எல்லாம் ரப்பர். வண்டி ஓடாமல் ஷெட்டில் நின்றாலும் அது இறுகும், வெடிக்கும். "எங்க வண்டி அம்பதாயிரம்தான் ஓடியிருக்கு" என்று சொல்பவர்களும் ஒருமுறை பானெட்டைத் திறந்து ஹோஸை அமுக்கிப் பார்ப்பது நல்லது.

என்னை அதிகம் படுத்தியது சூடுதான். 2019 மே மாதம், சென்னையில் ஒரு கல்யாணத்துக்குத் திருச்சியிலிருந்து போய்க்கொண்டிருந்தோம். நெடுஞ்சாலையில் 90இல் போகும்வரை ஒரு பிரச்சினையும் இல்லை. பரனூர் டோல் வரிசையில் பத்து நிமிடம் நின்றதும் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. ஏசியை அணைத்து, ஹீட்டரை முழுசாகத் திறந்து, புளோயரை நாலில் வைத்தேன். "மே மாசத்துல ஹீட்டரா? உனக்குப் புத்தி கெட்டுப் போச்சாடா?" என்றார் பின்சீட்டிலிருந்த பெரியப்பா. ஆனால் ஹீட்டருக்கு வரும் சூடு இன்ஜின் தண்ணீரின் சூடுதானே. அது உள்ளே இருக்கும் நம்மேல் அடித்தால் இன்ஜினுக்கு அந்த அளவு குறையும். வேர்த்து ஒழுகினோம், முள் பாதிக்கு வந்தது.

ஓரம் கட்டியதும் மச்சான் கையில் துண்டைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திறக்கப் போனார். இழுத்து நிறுத்தினேன். உள்ளே அழுத்தம் இருப்பதால்தான் அந்தத் தண்ணீர் 100 டிகிரியைத் தாண்டியும் கொதிக்காமல் இருக்கிறது. மூடியைத் திருகிய நொடியில் அழுத்தம் போய், சட்டெனக் கொதித்து ஆவியும் வெந்நீருமாக முகத்தில்தான் அடிக்கும். அரை மணி நேரமாவது பொறுத்து, மேல் ஹோஸைத் தொட்டால் சுடாத நிலையில்தான் திறக்க வேண்டும்.

ஊர் திரும்பியதும் வீட்டருகே ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டேன். தெர்மோஸ்டாட்டைக் கழற்றிக் கையில் கொடுத்து, "நம்ம ஊர் வெயிலுக்கு இதெல்லாம் எதுக்கு சார்" என்றார் அந்த மெக்கானிக். தமிழ்நாட்டில் பழைய கார் வைத்திருக்கும் எல்லோரும் ஒருமுறையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பீர்கள். நானும் தலையாட்டினேன். அப்புறம் லிட்டருக்கு 14 கொடுத்த வண்டி 11 கொடுத்தது. தெர்மோஸ்டாட் இருந்தால் ஸ்டார்ட் செய்ததும் ரேடியேட்டர் வழியை அடைத்து வைக்கும். தண்ணீர் 80 சொச்சம் டிகிரி வந்த பிறகுதான் திறந்துவிடும். அது இல்லையென்றால் இன்ஜின் சூடேற நேரமாகும். அதுவரை கம்ப்யூட்டர் 'வண்டி இன்னும் குளிர்ந்துதான் கிடக்கிறது' என்று நினைத்துப் பெட்ரோலைக் கூடவே ஊற்றும்.

டிராஃபிக்கில் சூடேறுவதும் நிற்கவில்லை. கடைசியில் பாலக்கரைப் பக்கம் அப்பாவுக்குப் பழக்கமான ஒரு பாயிடம் கொண்டுபோனேன். எதையும் கழற்றவில்லை. "தம்பி, நின்னா சூடாகுதா, ஓடுனா சூடாகுதா?" என்றார். நின்றால்தான் என்றேன். பேட்டரியிலிருந்து ஒரு ஒயரை நேராக ஃபேனுக்குக் கொடுத்தார். ஃபேன் சுற்றியது. அப்படியானால் மோட்டார் நன்றாக இருக்கிறது, மின்சாரம்தான் போகவில்லை. பழுது, ஃபேனுக்கு மின்சாரத்தை விடும் சுவிட்சான 250 ரூபாய் ரிலே.

அன்று அவரிடம் கற்றதை இங்கே போட்டுவிடுகிறேன். நின்றால் சூடேறி ஓடினால் தணிகிறதா, முதலில் ஃபேன், ரிலே, ஃபியூஸ் பாருங்கள். வேகமாகப் போகும்போது சூடேறினால் ரேடியேட்டர் அடைப்பு, வாட்டர் பம்ப், திறக்காமல் சிக்கிக்கொண்ட தெர்மோஸ்டாட். கீழே ஒரு சொட்டு விழாமல் கூலன்ட் மட்டும் குறைந்துகொண்டே வந்து, சைலன்சரில் வெள்ளைப் புகை நிற்காமல் வந்தால் ஹெட் கேஸ்கட் (இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவிலிருக்கும் சீல்) மேல் சந்தேகப்படலாம். அந்த நிலையில் ஓட்டவே ஓட்டாதீர்கள். ஹெட் வளைந்துவிட்டால் லேத்துக்குக் கொண்டுபோய் ஃபேஸிங் செய்ய, அதாவது மட்டமாக இழைக்க வேண்டிவரும்.

எங்கள் ரேடியேட்டரைப் பிறகு கழற்றிப் பார்த்தபோது பாதிக் குழாய்களில் சுண்ணாம்புபோல் வெள்ளையாக உப்பு அடைத்திருந்தது. பத்து வருடமாக போர் தண்ணீர் ஊற்றியது நாங்களேதான், யாரைக் குறை சொல்ல? இப்போது கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் கலந்துதான் ஊற்றுகிறேன். தெர்மோஸ்டாட்டும் புதிதாகப் போட்டாயிற்று. 14 வரவில்லை, 13 வருகிறது.

அடுத்தது சத்தம். மேடு பள்ளத்தில் முன்பக்கம் 'கடகட' என்றால் உடனே ஷாக் அப்சார்பரை மாற்றச் சொல்வார்கள். நானும் ஒரு ஜோடி மாற்றினேன், சத்தம் அப்படியே இருந்தது. சஸ்பென்ஷனில் இருக்கும் சின்னக் கம்பியான லிங்க் ராடு ஆடிக்கொண்டிருந்திருக்கிறது. அது ஆயிரத்துக்குள் முடிந்தது, முன்னால் செலவழித்ததைப் பற்றிப் பேச விரும்பவில்லை. ஸ்டியரிங்கை முழுசாக ஒடித்துத் திருப்பும்போது 'டக் டக்' என்றால் அது ஆக்சில் ஜாயின்ட். அதற்கு முன்பே பூட் கிழிந்து, சக்கரத்தின் உள்பக்கம் கறுப்பு கிரீஸ் தெறித்திருக்கும். அந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தால் சில நூறு ரூபாய் பூட்டோடு போகும். விட்டால் மண் உள்ளே போய் முழு ஜாயின்ட்டையும் தின்றுவிடும்.

பிஸ்டனும் வால்வும் ஒத்து இயங்க வைக்கும் டைமிங் பெல்ட்டைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். உங்கள் இன்ஜினில் பெல்ட்டா செயினா என்று முதலில் விசாரியுங்கள். பெல்ட் என்றால் மேனுவலில் இத்தனை கிலோமீட்டர் அல்லது இத்தனை வருடம், எது முந்துகிறதோ அப்போது மாற்று என்று இருக்கும். அறுவதற்கு முன் பெரும்பாலும் எந்த அறிகுறியும் காட்டாது. பல இன்ஜின்களில் அறுந்த நொடியில் பிஸ்டன் போய் வால்வை இடிக்கும்; வால்வு வளைந்தால் ஹெட்டை இறக்கியாக வேண்டும். பழைய வண்டி வாங்கும்போது "பெல்ட் மாத்தியாச்சு" என்று வாயால் சொன்னால் நம்பாதீர்கள், பில் கேளுங்கள். மாற்றும்போது டென்ஷனர் பேரிங்கையும், அந்தப் பெல்ட்டால் ஓடும் வகை என்றால் வாட்டர் பம்ப்பையும் சேர்த்தே மாற்றிவிடுங்கள். பிரிக்கும் கூலி ஒன்றுதான்.

ஏசிக்கு வருடா வருடம் கேஸ் போடுகிறீர்களா? கேஸ் என்பது பெட்ரோல்போல் எரிந்து தீர்வதில்லை. குறைகிறது என்றால் எங்கோ கசிகிறது. பழைய வண்டியில் பெரும்பாலும் டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் கூலிங் காயில்தான்.

பிரேக் ஆயிலை அநேகமாக யாரும் கண்டுகொள்வதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும், உறிஞ்ச உறிஞ்சக் கொதிநிலை இறங்கும். ஊருக்குள் ஓட்டினால் தெரியாது. கொல்லிமலையின் 70 ஊசி வளைவுகளில் பிரேக்கை மிதித்துக்கொண்டே இறங்கும்போது அது கொதித்து, பெடல் பஞ்சுபோல் உள்ளே போனால் அன்றைக்குத் தெரியும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள், இறங்கும்போது இரண்டாவது கியரில் இறங்குங்கள். டயரின் பக்கவாட்டில் டி.ஓ.டி. வரிசையின் கடைசி நாலு எண்களையும் பாருங்கள். 3218 என்றால் 2018இன் 32ஆவது வாரம் செய்தது. பட்டன் நிறைய இருந்தாலும் பக்கச் சுவரில் வெடிப்பு விழுந்த டயரில் வெளியூர் போகாதீர்கள்.

சரி, வைத்துக்கொள்ளலாமா? 15 வருடம் முடிந்தால் ஆர்.டி.ஓ.வில் பதிவைப் புதுப்பிக்க வேண்டும், ஐந்து ஐந்து வருடமாகத் தருவார்கள். 600 ரூபாயாக இருந்த கட்டணம் 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ஆனது, பசுமை வரி தனி. அதைக் கட்டுவதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிப்பாகத்தைப் பாருங்கள். தளத்திலோ, சஸ்பென்ஷன் பிடிக்கும் இடங்களிலோ துரு ஓட்டை போட்டிருந்தால், அல்லது நீலப் புகை விட்டு ஆயிலைக் குடித்துக்கொண்டிருந்தால் கொடுத்துவிடுங்கள். அதில் கொட்டும் பணம் திரும்பாது. இந்த இரண்டும் இல்லை, நம்பகமான ஒரு மெக்கானிக்கும் பக்கத்தில் இருக்கிறார் என்றால் நான் வைத்துக்கொள்வேன். எங்கள் வண்டிக்கு 2022இல் புதுப்பித்தேன். அதற்குப் பிறகு சராசரியாக வருடம் 20,000 ரூபாய் வேலை வைக்கிறது, நடுரோட்டில் நிறுத்தியதில்லை.

கூலிங் காயில் மட்டும் இன்னும் மாற்றவில்லை. டேஷ்போர்டை முழுசாகக் கழற்ற வேண்டும் என்கிறார் பாய். அடுத்த வெயிலுக்குள் பார்க்கலாம் என்று மூன்று வெயிலாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.