சாஸ் செய்முறைகளில் வரும் 'ரூ' என்றால் என்ன? அந்தப் பெயர் எப்படி வந்தது?

கொழுப்பில் வறுத்த மாவுதான் ரூ. சாஸைக் கெட்டியாக்குவதே அதன் வேலை. பிரெஞ்சில் 'ரூ' என்றால் செம்பழுப்பு நிறம். 'ருஸ்ஸுஸ்' என்ற லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. பழுப்பேறிய வெண்ணெயைப் பிரெஞ்சில் 'பேர் ரூ' (beurre roux; 'beurre' என்றால் வெண்ணெய்) என்பார்கள். அதிலிருந்து நிறத்தின் பெயர் மட்டும் நின்றுவிட்டது. பிறகு பொருள் விரிந்ததால், நிறமே ஏறாத கலவையும் இன்று 'வெள்ளை ரூ' ஆகிவிட்டது.

வெண்ணெயும் மைதாவும் சம எடை. கரண்டியால் அளக்காதீர்கள்: ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய் 14 கிராம், மைதா 8 கிராம்தான் இருக்கும். பெஷமெல் எனும் பால் சேர்த்த வெள்ளைச் சாஸுக்கு அரை லிட்டர் பாலுக்குத் தலா 30 கிராம் போதும். மிதமான தீயில் இரண்டு மூன்று நிமிடம் வறுத்து, பாலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றி, விஸ்க்கால் (கம்பி மத்து) விடாமல் அடியுங்கள். மொத்தமாகக் கொட்டினால் மாவின் வெளிப்பக்கம் முதலில் வெந்து, உள்ளே உலர்ந்த மாவோடு கட்டி தட்டும். கொதி வந்த பிறகுதான் முழுக்கக் கெட்டியாகும். அதன்பின் பத்து நிமிடமாவது சிறுதீயில் விடுங்கள், பச்சை மாவு வாசனை போய்விடும்.

நிறம் ஏற ஏற மணம் கூடும், கெட்டியாக்கும் திறன் குறையும். சூட்டில் ஸ்டார்ச் (மாவுச்சத்து) உடைவதுதான் காரணம். அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் செய்யும் கம்போ என்ற குழம்புக்கு ரூவைச் சாக்லேட் நிறம் வரை வறுப்பார்கள். வெண்ணெய் கருகிவிடும் என்பதால் பெரும்பாலும் எண்ணெயில்தான். கரும்புள்ளி தெரிந்தால் கசக்கும். தயங்காமல் கொட்டிவிட்டு மறுபடி தொடங்குங்கள்.