தட்டணு குறைந்த குழந்தைக்கு எப்போது சரியாகும்?

கேள்வி: என் மகனுக்கு 4 வயது. சளி, காய்ச்சல் வந்துபோய் இரண்டு வாரம் கழித்துத் திடீரென்று கால் முழுக்கச் சிவப்புப் புள்ளிகள், அங்கங்கே ரத்தக்கட்டு. தட்டணு (ரத்தம் உறைய உதவும் பிளேட்லெட்) எண்ணிக்கை 9,000. ஐ.டி.பி. என்று சொல்லி, மருந்து எதுவும் தராமல் அனுப்பிவிட்டார்கள். இது வாழ்நாள் முழுக்க இருக்குமா? முன்கூட்டியே தெரிந்துகொள்ள முடியுமா?

பதில்: ஒன்றரை லட்சத்துக்கு மேல் இருக்க வேண்டிய தட்டணு 9,000 என்றால் எந்தத் தாய்க்கும் தூக்கம் வராது. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் விவரங்கள் பெரும்பாலும் நம்பிக்கை தருபவையே.

ஐ.டி.பி. என்பது உடலின் எதிர்ப்பு சக்தி தவறுவதால் தட்டணு குறையும் நோய். கிருமியை எதிர்க்க உடல் உருவாக்கிய எதிர்ப்புப் புரதங்கள் தவறுதலாகத் தட்டணுக்கள்மீதும் ஒட்டிக்கொள்ள, மண்ணீரல் அவற்றை அழித்துவிடுகிறது. குழந்தைகளில் இந்தக் குழப்பம் பெரும்பாலும் தானாகவே அடங்கும். 100 பேரில் 75 முதல் 80 பேருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடுகிறது. பலருக்குச் சில வாரங்களே போதும்.

பலரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் இடம் ஒன்று உண்டு. முதல் நாள் எண்ணிக்கை மிகக் குறைவாக இருந்தால் நோய் நீளும் என்று நினைக்கிறார்கள். உண்மையில் சின்ன வயது, சமீபத்திய வைரஸ் தொற்று, திடீர் ஆரம்பம், மிகக் குறைந்த எண்ணிக்கை ஆகியவை சேர்ந்து வந்தால் சீக்கிரம் குணமாகும் வாய்ப்பே அதிகம். பத்து வயதைத் தாண்டியவர்கள், முன்னால் தொற்று எதுவும் இல்லாதவர்கள், வாரக்கணக்கில் மெல்ல மெல்லக் கன்றிப்போனவர்கள், ஏ.என்.ஏ. (உடல் தன்னையே தாக்கும் நோய்களைக் கண்டறிய உதவும் ரத்தப் பரிசோதனை) பாசிட்டிவ் வந்தவர்கள் ஆகியோருக்குத்தான் நாள்படும் வாய்ப்பு கூடுதல். எண்ணிக்கை 20,000-க்கு மேல் இருந்தும் நோய் இழுத்துக்கொண்டே போவதைப் பார்க்கிறோம்.

இந்த அடையாளங்களை வைத்துப் போடும் கணக்கு 100 குழந்தைகளுக்குப் பொருந்தும். உங்கள் மகன் ஒருவனுக்கு இன்ன மாதம் சரியாகும் என்று சொல்லும் பரிசோதனை இன்றைக்கு இல்லை. அதனால்தான் நாங்கள் காலத்தை வைத்தே பிரிக்கிறோம்: 3 மாதம் வரை புதியது, 3 முதல் 12 மாதம் வரை நீடிப்பது, அதற்கு மேல் நாள்பட்டது. நாள்பட்டது என்றாலும் வாழ்நாள் முழுக்க என்று அர்த்தமில்லை. சில ஆண்டுகள் கழித்துத் தானாகச் சரியானவர்களும் உண்டு.

மருந்து தராததைப் புறக்கணிப்பாக நினைக்க வேண்டாம். ஸ்டீராய்டும், ரத்தத்தில் ஏற்றும் எதிர்ப்புப் புரத மருந்தான இம்யூனோகுளோபுலினும் எண்ணிக்கையைத் தற்காலிகமாக ஏற்றும். நோய் நாள்படாமல் தடுக்கும் என்று நம்பி அவற்றைக் கொடுப்பதில்லை. தோலில் மட்டும் புள்ளிகள் இருந்தால் கவனித்திருப்பதே சரியான சிகிச்சை. பப்பாளி இலைச்சாறு கொடுக்கச் சொல்லி அக்கம்பக்கத்தில் வற்புறுத்துவார்கள். இந்த நோயின் போக்கை அது மாற்றாது, வேண்டாம். தினம் ஊசி குத்தி எண்ணிக்கை பார்ப்பதும் குழந்தைக்கு வீண் வேதனைதான். எப்போது பார்க்க வேண்டும் என்பதை மருத்துவர் சொல்வார்.

மறுபடி காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் மட்டும் கொடுங்கள்; ஆஸ்பிரின், ஐபுபுரோஃபென் கூடாது. தசையில் ஊசி போடவிட வேண்டாம். தலையில் அடிபடும் விளையாட்டுகளைக் கொஞ்ச நாள் தள்ளிவையுங்கள்.

மூளையில் ரத்தக்கசிவு 100-ல் ஒருவருக்கும் குறைவாகவே வருகிறது. ஆனால் வந்தால் ஆபத்து. கடுமையான தலைவலி, தொடர் வாந்தி, வழக்கமில்லாத தூக்கக்கலக்கம், தலையில் அடி, நிற்காத மூக்குரத்தம், கறுத்த மலம், சிறுநீரில் ரத்தம் என எது தெரிந்தாலும், நடுராத்திரி ஆனாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

விடாத காய்ச்சல், எடை குறைதல், எலும்பு வலி, கழுத்தில் கட்டி ஆகியவை தெரிந்தாலோ, ஹீமோகுளோபினும் வெள்ளணுக்களும் மாறினாலோ இது ஐ.டி.பி. தானா என்று மறுபடி யோசிக்க வேண்டும். அப்போது எலும்பு மஜ்ஜைப் பரிசோதனை தேவைப்படலாம். 3 மாதம் தாண்டியும் ஏறாவிட்டால் குழந்தைகள் ரத்தநோய் நிபுணரிடம் ஒருமுறை காட்டிவிடுங்கள்.