உச்சி அங்கேதான் இருக்கும், மேகம் காத்திருக்காது

இலங்கை மலைகளில் நடப்பது பற்றிக் கேள்வி அனுப்புங்கள் என்று போன இதழில் கேட்டிருந்தேன். நிறைய வந்துவிட்டன. நம் குமரி மாவட்டத்திலிருந்து வந்தவற்றில் சிலவற்றுக்கு இங்கே பதில் எழுதுகிறேன்.

எனக்கு 58 வயது. முழங்காலில் லேசான வலி உண்டு. சிவனொளிபாதமலை ஏறிச் சூரிய உதயம் பார்க்க ஆசை. முடியுமா?
*வாசகி, தக்கலை*

முடியும் அம்மா. முதலில் டாக்டரிடம் முழங்காலைக் காட்டிவிடுங்கள். ஏற்றம் மூச்சு வாங்க வைக்கும், அவ்வளவுதான். இறக்கம்தான் முழங்காலைப் பிடிக்கும். மலையின் உயரம் 2,243 மீட்டர். அட்டனிலிருந்து மஸ்கெலியா வழியாக நல்லதண்ணிக்குப் பஸ்ஸில் போய், அங்கிருந்து ஏறும் வழிதான் குறைந்த தூரம். அதிலேயே ஐயாயிரத்துக்கும் மேல் படிகள் இருக்கின்றன. ஒரு படி சாண் உயரம், அடுத்தது முழங்கால் உயரம் என்று ஒழுங்கில்லாமல் கிடக்கும். மேலே போகப் போகக் கைப்பிடிக் கம்பி உண்டு.

மற்றவர்கள் இரவு இரண்டு மணிக்குக் கிளம்புவார்கள். நீங்கள் பன்னிரண்டரைக்கே கிளம்பிவிடுங்கள். மார்கழிப் பௌர்ணமி வாக்கில் தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரைக்கும்தான் சீசன். அந்த மாதங்களில் வழி முழுக்க விளக்கு எரியும், இரவெல்லாம் டீக்கடை திறந்திருக்கும், உட்கார்ந்து உட்கார்ந்து ஏறலாம். பௌர்ணமி நாளையும் சனி, ஞாயிறையும் தவிர்த்துவிடுங்கள். கூட்டத்தில் படியிலேயே மணிக்கணக்காக நின்று, உச்சிக்குக் கீழேயே விடிந்துபோனவர்கள் உண்டு.

பையில் ஒரு மாற்றுச் சட்டை கட்டாயம். வியர்த்த துணியோடு உச்சியில் உட்கார்ந்தால் அந்தக் காற்று எலும்பைத் துளைக்கும். நம்மூர் மார்கழிக் குளிரை வைத்து அதைக் கணக்குப் போடாதீர்கள். ஸ்வெட்டர், காது மறைக்கிற துண்டு, இரண்டும் வேண்டும்.

சூரியன் எழுந்த உடனே எல்லாரும் கிழக்கையே பார்த்துக் கைகூப்பி நிற்பார்கள். நீங்கள் ஒரு நிமிடம் கும்பிட்டுவிட்டு மேற்குப் பக்கம் வந்துவிடுங்கள். மலையின் நிழல் கீழே மூடுபனியின் மேல் கூர்மையான முக்கோணமாக விழுந்திருக்கும். மலை எந்த வடிவத்தில் இருந்தாலும் இவ்வளவு நீளமான நிழல் முக்கோணமாகத்தான் தெரியும். தண்டவாளம் இரண்டும் தூரத்தில் சேர்ந்துவிடுவதுபோலத் தோன்றுமே, அதே கணக்குதான். வெயில் ஏற ஏற நிழல் மலையை நோக்கிச் சுருங்கிக்கொண்டே வரும். மொத்தமும் கொஞ்ச நேரம்தான். என்னைக் கேட்டால் இதைப் பார்க்கவே அந்தப் படி அத்தனையும் ஏறலாம்.

உச்சியில் ஒரு மணி இருக்கிறது. எத்தனையாவது முறை ஏறினோமோ அத்தனை தடவை அடிப்பது வழக்கம். நீங்கள் ஒரு தடவை அடித்துவிட்டு வாருங்கள். பௌத்தர்கள் புத்தர் பாதம் என்றும், நாம் சிவன் பாதம் என்றும், முஸ்லிம்களும் கிறிஸ்தவர்களும் ஆதம் பாதம் என்றும் வணங்குகிற இடம். சத்தம் போடாமல், செருப்பைக் கழற்றிவிட்டுப் போக வேண்டும்.

இறங்கும்போது கைத்தடி அவசியம். பெரிய படிகளில் பக்கவாட்டில் திரும்பி இறங்குங்கள்.

என் அப்பா மஸ்கெலியா பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவர். பதினைந்து வயதில் குடும்பத்தோடு இந்தியா வந்தார். இப்போது எழுபது தாண்டிவிட்டது, மலை ஏற முடியாது. அவரைக் கூட்டிப்போவதில் பலன் உண்டா?
*வாசகர், கீரிப்பாறை*

கட்டாயம் கூட்டிப் போங்கள். தள்ளிப் போடாதீர்கள்.

இந்தியாவும் இலங்கையும் 1964-இல் போட்ட ஒப்பந்தத்துக்குப் பிறகு அங்கிருந்து திரும்பி வந்த தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் நம் அரசு ரப்பர் தோட்டங்களில் எத்தனையோ இருக்கின்றன. அந்தப் பெரியவர்கள் பேச்சில் இந்த மலை வராத நாள் கிடையாது. அதைப் பார்க்க உங்கள் அப்பா ஒரு படிகூட ஏற வேண்டாம். மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி போகும் ரோடு மவுஸாகலை நீர்த்தேக்கத்தை ஒட்டிப் போகிறது. அங்கே தண்ணீருக்கு அப்பால் சிவனொளிபாதமலை முழுசாக நிற்கும். காலை ஏழு மணிக்குள் போனால் மேகம் இல்லாமல் பார்க்கலாம். பஸ்ஸில் போகாமல் ஒரு ஆட்டோவோ வேனோ பேசிக்கொள்ளுங்கள். அவர் நிறுத்தச் சொல்லும் இடத்தில் எல்லாம் நிறுத்த வேண்டியிருக்கும்.

இன்னொன்றும் அவரிடம் சொல்லிவையுங்கள். பழைய மஸ்கெலியா ஊர் அந்தத் தண்ணீருக்கு அடியில்தான் இருக்கிறது. 1960களின் கடைசியில் அணை வந்தபோது ஊரை மேலே மாற்றிவிட்டார்கள். கோடையில் தண்ணீர் நன்றாக வற்றினால் பழைய கோயிலின் இடிபாடு வெளியே தெரியும். சின்னப் பையனாக அந்தத் தெருவில் நடந்த ஞாபகம் அவருக்கு இருக்கலாம்.

ராத்திரி நல்லதண்ணியில் தங்குங்கள். சீசனில் மலைப்பாதை விளக்குகள் அடியிலிருந்து உச்சிவரை வளைந்து வளைந்து போவதை வாசலில் நாற்காலி போட்டுப் பார்க்கலாம். நீங்கள் ஏறிவிட்டு வாருங்கள், அவர் கீழேயிருந்து உங்கள் வழியைப் பார்த்துக்கொண்டிருப்பார். மறுநாள் அவர் பிறந்த தோட்டத்துக்குப் போய் லயத்தில், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், விசாரியுங்கள். பழைய ஆட்கள் பேர் சொன்னால் யாராவது ஒருவருக்காவது தெரியும்.

மற்ற வாசகர்களுக்கும் ஒரு வார்த்தை. கொழுந்து பறிக்கிற பெண்களைக் கேட்காமல் போட்டோ எடுக்காதீர்கள். கூடை நிறைத்தால்தான் அவர்களுக்கு அன்றைய கூலி. நின்று நம் தமிழில் இரண்டு வார்த்தை பேசுங்கள், எந்த ஊர் என்று அவர்களே கேட்பார்கள்.

கல்லூரி மாணவன். கையில் மூன்று நாள்தான் இருக்கிறது. உலக முடிவு (World's End) பார்க்கவா, எல்லா (Ella) ஊருக்குப் போகவா?
*வாசகர், கருங்கல்*

மக்களே, மூன்று நாளில் இரண்டும் முடியும். ஒரே ரயில் பாதையில்தான் இருக்கின்றன. உலக முடிவு என்கிற செங்குத்து மலைவிளிம்பு இருக்கும் ஹோர்டன் சமவெளிக்கு ஒகியாவிலோ பட்டிப்பொலவிலோ இறங்க வேண்டும். ஆனால் காலை ஆறு மணிக்கு வாசலில் நிற்கப் பார். சுற்றுப்பாதை ஒன்பது கிலோமீட்டர் சொச்சம். ஒன்பதரை, பத்து மணிக்குக் கீழே பள்ளத்தாக்கு சூடேறி, ஈரக்காற்று பாறைச் சுவரோடு மேலே ஏறி மேகமாகிவிடும். அப்புறம் எண்ணூறு மீட்டருக்கும் மேலான அந்தச் செங்குத்துப் பள்ளம் இருக்கிற இடத்தில் வெறும் வெள்ளைதான். அதனால் முதலில் சின்ன உலக முடிவு, பிறகு பெரியது, பேக்கர் அருவியைத் திரும்பும்போது பார்த்துக்கொள். பிளாஸ்டிக் உறையெல்லாம் வாசலிலேயே வாங்கிவிடுவார்கள், சாப்பாட்டை டப்பாவில் கொண்டு போ. புல்வெளியும் நடுநடுவே சோலையுமாக இருக்கும். நம் முத்துக்குழிவயலைப் பார்த்தவர்களுக்கு அந்த நிலம் புதிதாகத் தெரியாது. விளிம்பில் வேலியை நம்பாதே. செல்ஃபிக்காக ஒரு அடிகூடப் பின்னால் போகாதே.

எல்லாவில் சின்ன சிவனொளிபாதம் என்கிற குன்று ஊரிலிருந்து ஒரு மணி நேரம்தான், தேயிலைத் தோட்டம் வழியாக நல்ல நடை. திரும்பும்போது 1921-இல் கட்டிய ஒன்பது வளைவுப் பாலத்தைப் பார்த்துவிடு. எல்லாப் பாறை (Ella Rock) என்கிற மலைக்குப் போகிற வழியில் கொஞ்ச தூரம் தண்டவாளத்தை ஒட்டி நடக்க வேண்டும். ஸ்டேஷனில் ரயில் நேரம் கேட்டுக்கொண்டு கிளம்பு, காதில் ஹெட்போன் வேண்டாம்.

எந்த மாதம் நல்லது?
*வாசகர், குளச்சல்*

ஜனவரி கடைசியிலிருந்து மார்ச் வரை. ஆனி, ஆடியில் நமக்குச் சாரல் அடிக்கும்போது அங்கே மலையின் மேற்குப் பக்கம், அதாவது அட்டன், மஸ்கெலியா எல்லாம், கொட்டித் தீர்க்கும். ஆனால் அப்போது கிழக்குச் சரிவில் இருக்கும் எல்லா ஊர் பெரும்பாலும் காய்ந்திருக்கும். ஐப்பசி, கார்த்திகையில் நம்மைப்போலவே அங்கேயும் எல்லாப் பக்கமும் மழை.

அட்டைக்கு என்ன செய்வது?
*வாசகி, குலசேகரம்*

மழைக்காலத்தில் ரப்பர் தோட்டத்துக்குப் பால் வெட்டப் போகிறவர்களைக் கேளுங்கள், என்னைவிட நன்றாகச் சொல்வார்கள். பேன்ட்டைச் சாக்ஸுக்குள் விட்டு, சாக்ஸ் மேல் சோப்பை நன்றாகத் தேய்த்துக்கொள்ளுங்கள். கடித்துவிட்டால் பிய்த்து இழுக்க வேண்டாம். நகத்தால் வாய்ப்பக்கமாக நெம்பினால் விட்டுவிடும். கழுவி, துணியால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடியுங்கள்.

போவதற்கு முன்னால் எங்கே பயிற்சி எடுக்கலாம்?
*வாசகர், கொட்டாரம்*

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே மருந்துவாழ்மலை இருக்கிறதே. பொத்தையடியிலிருந்து விடிகாலை ஏறுங்கள். கீழே படி, மேலே போகப் போகக் கரடுமுரடான பாறை. சிவனொளிபாதத்துக்கு வேண்டிய பழக்கம் அத்தனையும் அதில் கிடைக்கும். மேலே போனால் ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் காற்றாலைகள், நடுவில் குளமும் தென்னந்தோப்பும். ஒரு மாதம், வாரம் இரண்டு தடவை போதும். எந்தச் செருப்பை, எந்த ஷூவைப் போட்டு இலங்கையில் ஏறப் போகிறீர்களோ, அதையே போட்டுக்கொண்டு ஏறுங்கள். புது ஷூவோடு நல்லதண்ணியில் போய் இறங்காதீர்கள்.